மூன்றாம் முறை கூப்பிட்டவன்

பயிற்சி முகாம், ஆவடி
6 ஏப்ரல் 2025

நாகவல்லி அக்காவுக்கு,

வேம்புலி எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், தலையில்தான் முடி இல்லை.

நம் வெள்ளானூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் எங்கள் முகாமின் தண்ணீர் டாங்கு தெரியும் என்று நான் சேர்ந்த அன்று நீதான் காட்டினாய். நடந்து வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்தக் கடுதாசி மட்டும் ஊரெல்லாம் சுற்றிவிட்டு நாலு நாள் கழித்துத்தான் உன் கைக்கு வரும். எங்கள் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுக்கிறார்கள், அதுவும் உஸ்தாத் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். உஸ்தாத் என்றால் எங்களை மேய்க்கிற ஹவில்தார். இன்று காலை நீ "இன்னாடா, கொரலே சரியில்ல" என்று கேட்டபோது சளி என்றேன். சளி இல்லை அக்கா.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. சிரிக்காதே.

எங்களுக்கு ஏரிக்கரை ஓட்டம் என்று ஒன்று உண்டு. முதுகில் மூட்டை, கையில் ரைபிள். வேலிக்கு வெளியே போய் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது உச்சிவெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டிரண்டு பேராக ஜோடி போட்டுவிட்டிருக்கிறார்கள். ஜோடியில் ஒருவன் முன்னால் ஓடுவான், ஒருவன் பின்னால். என் ஜோடி கிஷோர், அம்பத்தூர்க்காரன், ஒல்லி, வாய் மட்டும் காது வரைக்கும் நீளும். ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, வயிறு பிடித்துக்கொள்ளும் என்பது உஸ்தாத்தின் கட்சி. "பீச்சே மத் தேக்கோ" என்று கத்திக்கொண்டே வருவார். பின்னால் திரும்பிப் பார்க்காதே என்று அர்த்தம்.

அந்த ஓட்டத்தில் பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் திருத்தணி செங்கல்வராயனைக் கூப்பிட்டது. இங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த நொடியே "ஜீ" என்று கத்த வேண்டும், இல்லாவிட்டால் முதுகுத்தோல் உரியும். அவனும் கத்தினான். "எவன்டா உன்னைக் கூப்பிட்டது?" என்று உஸ்தாத் திட்டினார். யாரும் கூப்பிடவில்லை. முகாமுக்குத் திரும்பிப் பார்த்தால் அவன் ஜோடியைக் காணோம். பீகார்ப் பையன். கரையில் சுருண்டு கிடந்தான். பிழைத்துவிட்டான், ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை, ஊருக்கே அனுப்பிவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டது. "டேய் வேம்புலி." நம்ம பக்கத்துப் பையன் குரல்தான், ஆனால் கிஷோர் குரல் இல்லை. தொண்டை வறண்ட குரல். பழக்க தோஷத்தில் "ஜீ" என்று கத்திவிட்டேன். சாயங்காலம் கிஷோருக்கு வலிப்பு வந்து மெடிக்கல் அறையில் படுக்க வைத்தார்கள்.

பதில் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகாது, அவன் ஜோடி விழுவான் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். கிஷோருக்கு அப்பா இல்லை, அக்கா. என்னால் அவனுக்கு ஏதாவது ஆனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லி என்னை வெளியே எடுத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வேம்புலி

பி.கு.: எங்கள் கடுதாசியைப் பிரித்துப் பார்க்கிற கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. பயப்படாமல் எழுது.


வெள்ளானூர்
11 ஏப்ரல்

டேய் வேம்புலி,

உன் கடுதாசி வந்தது. படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம்! நல்லா இருக்கிற மனுஷியைப் படுக்க வைக்க உனக்கு எப்படிடா மனசு வந்தது? நான் வேலை பார்க்கிற அம்பத்தூர் எஸ்டேட் ரப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாக உன்னைச் சேர்த்துவிட்டேன். நாற்றம் தாங்கலை என்று ஓடி வந்தாய். சாப்பாடு டெலிவரிக்குப் போனாய், லிஃப்ட் இல்லாத பிளாட்டாகவே வருது என்று வண்டியை நிறுத்தினாய். மாலில் செக்யூரிட்டி வேலை, நிக்கவெச்சே கொல்றாங்க என்றாய். இப்போது பேய் கூப்பிடுகிறதாம். அடுத்தது இன்னா, யானை துரத்துதா?

எனக்குத் தெரியும் இது எங்கிருந்து வந்தது என்று. நீ போவதற்கு முந்தின வாரம் என் போனில் தமிழ் டப்பிங்கில் ஒரு பேய்ப்படம் பார்த்தோமே, ஏதோ கிழக்குத் தேசத்துப் படம், பட்டாளத்தில் புதுசாகச் சேர்ந்த பையன்களைப் பேய் பிடிக்கிற கதை. திரும்பிப் பார்க்கிறவன் ஒவ்வொருவனாகச் செத்துக்கொண்டே வருவான். நீ பாதிப் படத்தைத் தலையணைக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தாய். "இவனுங்கள எவன் பட்டாளத்துக்கு வரச் சொன்னான்" என்று அம்மாகூடச் சிரித்தாள். அதுதான் உன் மண்டையில் ஏறிக்கொண்டு ஆடுகிறது. வெயிலில் ஓடினால் காது கொய்ங் என்று கேட்கும். பையன் மயக்கம் போடுவான். இதற்குப் பேய் வேண்டுமா?

உனக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிந்தது. இதை விட்டால் இன்னொரு அரசாங்க வேலை உனக்கு இந்த ஜென்மத்தில் இல்லை. அம்மா அந்த ஏரிப் பாசன நிலத்தில்தான் இருபது வருஷம் குனிந்து நாற்று நட்டாள். அடுத்தவன் நிலம். இன்றைக்கு அதே ஏரியைச் சுற்றி அவள் பிள்ளை யூனிபார்மோடு ஓடுகிறான் என்று மொட்டை மாடியில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரிக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டுகிறாள். காட்டுப்பாக்கம் சித்தப்பா "எங்க ஊட்டுப் புள்ள மில்ட்ரில கீறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ ஓடி வந்தால் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

வெளியே எடுக்கிற பேச்சே வேண்டாம்.

இதை எழுதுகிறேனே தவிர நம்பி எழுதவில்லை. சின்ன வயசில் அம்மா நமக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா? ஆள் தெரியாமல் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கேட்க வேண்டும். பேய் மூன்றாவது தடவை கூப்பிடாது, மனுஷன்தான் கூப்பிடுவான். உனக்கு அவ்வளவு பயமாக இருந்தால் அதன்படி செய். இடுப்பில் எலுமிச்சம்பழம் ஒன்று சொருகிக்கொள். வேலையை மட்டும் விடாதே.

நாகவல்லி


பயிற்சி முகாம்
20 ஏப்ரல்

அக்கா,

திட்டியதற்கு நன்றி. இங்கே யாராவது தமிழில் திட்ட மாட்டார்களா என்றே ஏங்கிப் போயிருந்தேன்.

நீ சொன்னபடி செய்தேன். கிஷோரை மூன்றே நாளில் ஃபிட் என்று எழுதி வெளியே விட்டுவிட்டார்கள். திரும்பவும் எனக்குப் பின்னால்தான் ஓடுகிறான். புதன்கிழமை மதகு தாண்டினதும் கூப்பிட்டது. "டேய் வேம்புலி." நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினேன். அதற்குள் கிஷோர் என் பக்கத்தில் வந்து "இன்னா மாமே, மூச்சு வாங்குதா?" என்று கிண்டல் செய்தான். அப்புறம் குரல் இல்லை. கிஷோருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா சொன்னது பலிக்கிறது அக்கா!

பலித்ததில் வந்த வினையையும் கேள். மறுநாள் காலை அணிவகுப்பில் உஸ்தாத் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் பேசாமல் நின்றேன். இரண்டாவது தடவை கூப்பிட்டார். நின்றேன். உள்ளுக்குள் வேர்த்துக் கொட்டுகிறது, வாய் திறக்க வரமாட்டேன் என்கிறது. மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை, எட்டி உதைத்தார். ஜல்லி மைதானத்தில் குட்டிக்கரணம் போட வைத்தார்கள், எனக்காக மொத்தப் படையும் சேர்ந்து போட்டது. முழங்கையில் தோலே இல்லை. பஞ்சாப் பையன்கள் என்னைத் தின்றுவிடுகிற மாதிரி பார்க்கிறார்கள். இப்போது தமிழ்ப் பையன்கள் எல்லாரும் மூன்று தடவைக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள், தினமும் எவனாவது ஒருவன் மாட்டுகிறான். முதல் தடவையே பதில் சொல்ல வேண்டும் என்பது பட்டாளத்துச் சட்டம், சொல்லக் கூடாது என்பது அம்மா சட்டம். நடுவில் நாங்கள் உருண்டுகொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. சமையல்கட்டில் வேலை செய்கிற பாபு அண்ணனிடம் கேட்டோம். முதலில் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். பிறகு, போன வருஷம் இதே ஓட்டத்தில் ஒரு பையன் போய்விட்டான் என்றார். பேர் ரோஹித். அம்பத்தூர் கள்ளிக்குப்பம். "ஹார்ட்டுன்னாங்க. இருபது வயசுல இன்னா ஹார்ட்டு?" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கள்ளிக்குப்பம் உன் கம்பெனிக்குப் பக்கம்தானே? சும்மா கேட்டேன்.

மே பதினேழாம் தேதி கடைசி ஓட்டம். முழு மூட்டையோடு ஏரியை இரண்டு சுற்று. நடுவில் நின்றவன் அந்த இடத்திலேயே பெயில். கிஷோர் இப்போதெல்லாம் வாய் பேசுவதைக் குறைத்துவிட்டான், எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது.

வேம்புலி


வெள்ளானூர்
29 ஏப்ரல்

தம்பி,

இதை நிதானமாகப் படி. நான் நிதானமாக இல்லை.

எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் மதிவதனி என்று ஒருத்தி, கள்ளிக்குப்பத்துக்காரி. அவளிடம் சும்மா பேச்சுக்கொடுத்தேன். உன் பேயை உடைத்துக் காட்டிவிட்டு உனக்கு நாலு வார்த்தை சுடச்சுட எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். "ரோஹித்தா? எங்க தெரு சரசா அக்கா புள்ளக்கா" என்றாள். எனக்குக் கையில் இருந்த ரப்பர் வளையம் கீழே விழுந்தது.

சரசா அம்மா எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். படிக்கட்டுக்கு அடியில், துடைப்பம் பக்கெட்டுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் தம்பி அந்த முகாமில்தான் இருக்கிறான் என்றதும் டப்பாவை மூடிவிட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

"ஹார்ட்டுன்னு எழுதிக் குட்த்தாங்கம்மா. என் புள்ளைக்கு ஒதடு வெடிச்சிருந்துது. நாக்கு ஒலந்து போய் கெடந்துது. காரியத்தன்னிக்கு அவன் கூட ஜோடியா ஓடுன பையன் வந்தான். என் கால்ல வுழுந்து அழுவுறான். 'மூணு தபா என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டாம்மா. திரும்பாதன்னு ஆர்டரு. நான் திரும்பலம்மா'ன்னு அழுவுறான். அந்தப் புள்ளைய நான் இன்னா சொல்றது?"

அப்புறம் சொன்னார்கள்: "நான்தான் சின்னதுலயே சொல்லிக் குட்த்தது. மூணு தபா கூப்ட்டாத்தான் ஆளு, அதுக்கு முன்ன பதில் சொல்லாதன்னு. அவன் அதே மாதிரி மூணு தபா கூப்ட்டிருக்கான் பாரு."

வேம்புலி, உனக்கு நடப்பதை அவர்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் போனேன். என் வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். அந்த அம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தம்பிய ஒரே ஒரு தபா இன்னாடான்னு கேக்கச் சொல்லும்மா. அவன எவனும் கேக்கல" என்றார்கள்.

அவர்கள் கேட்டதை உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆனால் நான் உன் அக்கா. நீ கேட்காதே. செத்தவனுக்குப் பதில் சொல்லி உனக்கும் அந்தக் கிஷோருக்கும் ஏதாவது ஆனால் அப்புறம் துடைப்பத்துக்கு நடுவில் நான் உட்கார வேண்டும்.

வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. ஊர் இன்னா பேசினாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாகவல்லி


பயிற்சி முகாம்
6 மே

அக்கா,

கேட்டில் நீ போட்ட சத்தம் நாங்கள் தங்கியிருக்கிற பேரக் வரைக்கும் கேட்டது. காவலுக்கு நிற்கிற சென்ட்ரியை "உன்ன மாதிரி பத்து பேர ரேஷன் கடையில பாத்தவடா நான்" என்று நீ கேட்டதை நல்லவேளை அவனுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் வந்துவிடுவேன் என்று தெரியும், அதனால்தான் வெளியே வரவில்லை. சித்தப்பா வேஷ்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். என்மேல் கோபமாக இரு, பரவாயில்லை.

நான் வந்துவிட்டால் கிஷோர் யாரோடு ஓடுவான்? அவனுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை. சாயங்காலமானால் கை நடுங்குகிறது. ரிப்போர்ட் பண்ணுடா என்றால், "பண்ணா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க மச்சான். எங்கம்மா நாலு ஊட்ல பாத்திரம் தேச்சி என்ன படிக்க வெச்சிது" என்கிறான். என்னைத் தவிர யாரும் அவனுக்கு ஜோடியாக வர மாட்டேன் என்கிறார்கள். போன நாலு வேலையையும் விட்டு ஓடியபோது எனக்குப் பின்னால் யாரும் இல்லை அக்கா. இப்போது ஒருவன் இருக்கிறான்.

நாலு இல்லை, மூன்று வேலை. நீ திருத்துவதற்குள் நானே திருத்திக்கொள்கிறேன்.

மறைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் இதையும் எழுதுகிறேன். நேற்று இரண்டு தடவை கூப்பிட்டது. இதுவரை ஒரு தடவைக்கு மேல் கூப்பிட்டதில்லை. முதல் தடவை தூரத்தில். இரண்டாவது, என் முதுகு மூட்டையில் மூச்சுக்காற்று படுகிற மாதிரி. பட்டப்பகல், நிழல்கூடக் காலடியில் ஒடுங்கிக் கிடக்கிற நேரம். நான் ஓடிக்கொண்டே இருந்தேன். கிஷோர் விழவில்லை, ஆனால் வந்து சேர்ந்தபோது அவனுக்கு என் பேரே ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது தடவை கூப்பிட்டால் என்ன செய்வது? அம்மா அதைச் சொல்லவே இல்லையே.

வேம்புலி


வெள்ளானூர்
10 மே

வேம்புலி,

இது பதினேழாம் தேதிக்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று பெரிய போஸ்ட் ஆபீசுக்கே போய் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

மூன்று தடவைக் கணக்கை நான் ரத்து செய்கிறேன். மூன்றாவது தடவை கூப்பிட்டாலும் திரும்பாதே. முப்பது தடவை கூப்பிட்டாலும் திரும்பாதே. அந்தப் படத்தை நேற்று கம்பெனி பஸ்ஸில் திரும்பவும் பார்த்தேன். திரும்பினவன் ஒருவன்கூடப் பிழைக்கவில்லை. கடைசியில் பிழைக்கிறவன் காதைப் பொத்திக்கொண்டு நேராகப் பார்த்து ஓடுகிறான். நீயும் ஓடு.

சரசா அம்மா பாவம்தான். அவர்கள் கேட்டதை மற. பாவம் என் கணக்கில் ஏறட்டும்.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை குடை பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று உன்னைப் பார்ப்பாளாம். உப்பும் சர்க்கரையும் பொட்டலம் வைத்திருக்கிறேன். வாயில் போட்டுக்கொண்டு ஓடு, கிஷோருக்கும் கொடு.

திரும்பாதே. கேட்டுக்கோ.

நாகவல்லி


முகாம் மருத்துவமனை
20 மே

அக்கா,

திரும்பிவிட்டேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய்: நான் நன்றாக இருக்கிறேன். கிஷோரும் இருக்கிறான். தோள்பட்டை பிசகி எனக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

உன் கடுதாசி வெள்ளிக்கிழமையே வந்தது. பொட்டலத்தைப் பாதி கிஷோர் வாயில் கொட்டினேன். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. கரையிலிருந்து நம்ம வீடு தெரிந்தது. மாடியில் கறுப்பாகக் குடை ஒன்று தெரிந்தது. அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில், மதகைத் தாண்டி, வேலிகாத்தான் முள் அடர்ந்திருக்கிற இடம். எனக்கு முன்னால் உஸ்தாத், அவருக்கு முன்னால் மற்றவர்கள். எனக்குப் பின்னால் கிஷோரின் பூட்ஸ் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஓடினேன்.

"டேய் வேம்புலி."

பல்லைக் கடித்தேன். நீ சொன்னபடி நேராகப் பார்த்தேன்.

"டேய் வேம்புலி."

காதோரம். வாயில் இருந்த உப்பெல்லாம் கரைந்துபோய் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "திரும்பாத, திரும்பாத" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உன் குரலில். கிஷோர் எனக்குப் பின்னால் இருக்கிறான், பதில் சொன்னால் அவன் போய்விடுவான், அதுதான் என் மண்டையில் ஓடியது.

"டேய் வேம்புலி!"

மூன்றாவது தடவை. அது பயமுறுத்துகிற குரல் இல்லை அக்கா. பஸ்ஸைத் தவறவிடப்போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, அவசரமாக, கோபமாக. எனக்கு உன் ஞாபகமும் வரவில்லை, படமும் வரவில்லை. சரசா அம்மா சொன்னதுதான் வந்தது. அவனும் மூன்று தடவைதானே கூப்பிட்டான், எவனும் கேட்கவில்லையே என்று. நின்றுவிட்டேன். திரும்பி "இன்னாடா?" என்று கத்தினேன்.

கரையில் யாரும் இல்லை. கிஷோரும் இல்லை.

எவ்வளவு நேரமாக நான் வெறும் பூட்ஸ் சத்தத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அது யார் பூட்ஸ் என்றும் தெரியவில்லை. வந்த வழியே ஓடினேன். வேலிகாத்தானுக்குக் கீழே, காய்ந்த கால்வாயில், முகம் குப்புறக் கிடந்தான். வாயில் நுரை. உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்தது. மேலே முள், கரையில் ஓடுகிறவன் கண்ணுக்கு அவன் தெரியவே மாட்டான். ரைபிளை, மூட்டையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அவனைத் தூக்கித் தோளில் போட்டேன். உஸ்தாத் தூரத்திலிருந்து கெட்ட வார்த்தையில் கத்தினார். அப்புறம் கிட்டே வந்து பார்த்தவர் கத்துவதை நிறுத்திவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பிணத்தைத்தான் தூக்கியிருப்பீர்கள் என்றார் டாக்டர்.

நேற்றுத்தான் கண் விழித்தான். "நீதானேடா என்னைக் கூப்ட்ட?" என்று கேட்டேன். "நானா? மதகு வரைக்கும்தான் மாமே ஞாபகம் கீது. தொண்ட ஒட்டிகினு இருந்துது, எங்க கூப்டுறது?" என்றான்.

படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். செங்கல்வராயனைக் கூப்பிட்டபோது அவன் ஜோடி பின்னால் விழுந்துகொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்ட நாளெல்லாம் எனக்குப் பின்னால் கிஷோர் தள்ளாடிக்கொண்டிருந்தான். நாங்கள் பதில் சொன்னதால் எவனும் விழவில்லை அக்கா. விழப்போகிறான், பார் என்றுதான் ரோஹித் எங்களைக் கூப்பிட்டிருக்கிறான். நாங்கள் ஜீ போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தோம்.

நடுவில் நின்றதால் நான் பெயில். அடுத்த படையோடு சேர்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டுக்கு வந்து சத்தம் போட வேண்டாம்.

சரசா அம்மாவிடம் சொல்லிவிடு, கேட்டுவிட்டேன் என்று.

வேம்புலி


வெள்ளானூர்
27 மே

தம்பி,

அந்தக் குடை அம்மா இல்லை, நான். அம்மாவை வெயிலில் நிற்க விடவில்லை. ஏதோ ஒரு பொட்டு கரையில் நின்று திரும்பி ஓடுவதைப் பார்த்தேன். நீ என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. "திரும்பாதேன்னு எத்தினி தபா சொன்னேன்" என்று மாடியிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். உன் கடுதாசி வரும்வரை நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். சொன்ன பேச்சைக் கேட்காத கழுதையே, கேட்காமல் இருந்தாயே, நல்லா இரு.

சரசா அம்மாவைப் பார்த்தேன். உன் கடுதாசியையே படித்துக் காட்டினேன். "இன்னாடா" என்று நீ கேட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். திரும்பப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் கிஷோர் பிழைத்தானா என்றுதான் கேட்டார்கள். பிழைத்தான் என்றேன். "அவங்க அம்மா எந்தப் பக்கம்?" என்றார்கள். அம்பத்தூர்தான் என்றேன். போய்ப் பார்க்கப் போகிறார்களாம்.

ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "இன்னும் அவன் தாகத்தோடவா கீறான்?"

நீதான் சொல்ல வேண்டும்.

நாகவல்லி


பயிற்சி முகாம்
22 ஜூன்

அக்கா,

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்தேன்.

புதுப் படை சேர்ந்து ஏரிக்கரை ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. மதகுப் பக்கத்தில் இப்போது தண்ணீர் டிரம் ஒன்று வைத்திருக்கிறார்கள், நின்று குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். உஸ்தாத்தான் கேட்டு வாங்கினார். கிஷோர் தேறிவிட்டான், அவனும் இந்தப் புதுப் படையில்தான், வாய் பழையபடி காது வரைக்கும் வந்துவிட்டது. என்னைக் கடைசி ஆளாக ஓடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஓடுகிறவன் எல்லாரையும் நான் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

குரல் வரவில்லை. ஒரு தடவைகூட.

நேற்று மதகில் எல்லாரும் குடித்துவிட்டுப் போன பிறகு நான் கொஞ்சம் நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு அந்தக் கால்வாய் ஓரத்தில், வேலிகாத்தானுக்குக் கீழே ஊற்றினேன். பைத்தியக்காரத்தனம்தான், சிரித்துக்கொள். பிறகு நானே கூப்பிட்டேன். "டேய் ரோஹித்" என்று. இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். மனுஷன்தான் கூப்பிடுகிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

யாரும் இன்னாடா என்று கேட்கவில்லை. ஏரியில் காற்று அடித்தது, முன்னால் ஓடுகிற பையன்களின் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணிப் பார்த்தேன், எல்லாரும் இருந்தார்கள்.

அவன் போய்விட்டான் என்று சரசா அம்மாவிடம் சொல். தாகத்தோடு போகவில்லை என்றும் சொல்.

வேம்புலி